மூச்சைத் தண்ணிக்குள்ள விடுங்க சார்!

பெரியவர்களுக்காகக் காலை ஆறு மணிக்கு நடக்கும் நீச்சல் வகுப்பில், ஊர் எதுவாக இருந்தாலும், இரண்டு வகை ஆட்களைப் பார்க்கலாம். முதல் வகையினர் ஆழம் குறைந்த பக்கத்தில் ஓரக் கம்பியை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டு நிற்பார்கள். மார்பளவுத் தண்ணீர்தான், கால் தரையில்தான் இருக்கிறது. ஆனாலும் பிடியை விட மாட்டார்கள். இரண்டாவது வகையினர் வந்த முதல் நாளே ஆழமான பக்கம் எது என்று விசாரிப்பார்கள். "எனக்கு ஏற்கெனவே தெரியும் மாஸ்டர். ஊர்ல கிணத்துல நல்லா அடிச்சிருக்கேன். இந்த ஸ்டைல் மட்டும் கத்துக்கலாம்னு வந்தேன்" என்பார்கள்.

மாஸ்டருக்கு வேலை வைப்பது இந்த இரண்டாவது வகைதான்.

கம்பியைப் பிடித்து நிற்பவரிடம் பயத்தை மட்டும் போக்கினால் போதும்; அதற்குப் பிறகு சொன்னதைச் செய்வார். கிணற்று நீச்சல்காரர் அப்படியில்லை. தொபுக்கடீர் என்று குதிப்பார். முதல் பத்து மீட்டர் பிரமாதமாகப் போகும், தண்ணீர் நாலாபக்கமும் தெறிக்கும். இருபதாவது மீட்டரில் கை கனக்கத் தொடங்கும். 25 மீட்டர் சுவரைத் தொடும்போது முகம் சிவந்து, இரண்டு நிமிடம் மூச்சு வாங்குவார். பக்கத்து லேனில் அறுபது வயதுப் பெண்மணி ஒருவர் எந்த அவசரமும் இல்லாமல் தன் ஆறாவது சுற்றை முடித்துக்கொண்டு திரும்புவார். ஜிம்முக்குப் போகிற, மலையேறுகிற, மாரத்தான் ஓடுகிற நம் ஆளுக்கு அது புரியவே புரியாது.

கிணற்றின் மேல் குற்றமில்லை. ஊரில் பிள்ளைகளுக்குக் காய்ந்த சுரைக்குடுக்கையை முதுகில் கட்டிக் கிணற்றில் இறக்கிவிடுவார்கள். பின்னாளில் அந்த இடத்துக்கு பிளாஸ்டிக் கேனும் லாரி டியூபும் வந்தன. கிணற்றின் குறுக்களவு முப்பது நாற்பது அடி இருக்கும். குதித்து எழுந்து நாலு வீச்சு வீசினால் எதிர்ச்சுவர் வந்துவிடும். மேலேயிருந்து அடுத்தவன் நம் தலைமேல் குதிக்கிறானா என்று பார்க்க வேண்டுமே, ஆகவே தலை எப்போதும் வெளியேதான். அந்த இடத்துக்கு அந்த நீச்சல் கச்சிதம். தவறி விழுந்தால் கரை சேர அது போதும். இந்தியாவில் ஆண்டுதோறும் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் தண்ணீரில் மூழ்கிச் சாகிறார்கள் என்கின்றன தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் பதிவுகள். அதைப் படிப்பவர்கள் கிணற்று நீச்சலைக் கேலி பேச மாட்டார்கள். ஆனால் நிறுத்தாமல் 500 மீட்டர், ஒரு கிலோமீட்டர் என்று போக வேண்டுமானால் அது உதவாது. பல நேரம் குறுக்கே நிற்கும்.

முப்பதிலோ நாற்பதிலோ ஐம்பதிலோ தண்ணீரில் இறங்குகிறவர்களில் வலு இல்லாமல் தோற்பவர்கள் குறைவு. வலுவை அள்ளி இறைத்துத் தோற்பவர்களே அதிகம்.

தலை ஏறினால் கால் இறங்கும்

தண்ணீரின் அடர்த்தி காற்றைப்போல் சுமார் 800 மடங்கு. தரையில் ஓடும்போது காற்றுத் தடையைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. தண்ணீரில் அந்தத் தடைதான் எல்லாமே. வேகம் கூடக்கூட அது வேகத்தின் வர்க்க அளவில் ஏறுகிறது; அதை வெல்லத் தேவைப்படும் சக்தியோ வேகத்தின் மும்மடி அளவில் ஏறுகிறது. இப்போது போகிற வேகத்தைவிடப் பத்து சதவீதம் வேகமாகப் போக வேண்டுமானால் உழைப்பை மூன்றில் ஒரு பங்கு கூட்ட வேண்டும். இரண்டு மடங்கு வேகத்துக்கு எட்டு மடங்கு உழைப்பு. நாற்பது வயதில் யாரும் எட்டு மடங்கு வலுவைச் சம்பாதித்துவிட முடியாது. தடையைக் குறைப்பது மட்டும் நம் கையில் இருக்கிறது.

தடையை உண்டாக்குவது நம் உடம்பு தண்ணீரில் கிடக்கும் விதம். நுரையீரல் நிறையக் காற்று இருந்தால் பெரும்பாலோர் மிதப்போம். முழுவதையும் வெளியே விட்டால் மெல்ல அமிழ்வோம். மிதக்க வைக்கும் காற்று மார்பில் இருக்கிறது, எடையோ இடுப்பிலும் தொடையிலும் இருக்கிறது. அதனால் குப்புறப் படுத்தால் மார்பு மேலே நிற்க, கால் கீழே போகப் பார்க்கும். இந்த நேரத்தில் நாலைந்து கிலோ எடையுள்ள தலையைத் தண்ணீருக்கு மேலே தூக்கினால் என்ன ஆகும்? பழைய ஏற்றம்தான்: ஒரு முனை ஏறினால் மறு முனை இறங்கும். கால் இறங்கிய உடம்பு சாய்ந்து, மார்பு, வயிறு, தொடை என்று மொத்தப் பரப்பையும் தண்ணீருக்கு எதிரே காட்டிக்கொண்டு நகரும். இறங்கிய காலை மேலே கொண்டுவர ஆவேசமாக உதைப்போம். தொடைத் தசைகள் உடம்பின் மிகப் பெரிய தசைகளில் சேர்ந்தவை, அவை கேட்கும் பிராணவாயுவும் அதிகம். 25 மீட்டரில் மூச்சு வாங்குவதன் பாதிக் கதை இதுதான்.

"சார், தலையை உள்ள போடுங்க. எதிர்ச்சுவத்தைப் பாக்காதீங்க, அது எங்கேயும் ஓடிப்போகாது. தரையில இருக்கிற கறுப்புக் கோட்டைப் பாருங்க." எல்லாக் குளங்களிலும் மாஸ்டர்கள் தொண்டை கிழியக் கத்துவது இதைத்தான். பின்னந்தலையில் லேசாகக் காற்றுப் படும் அளவுக்கு முகத்தைத் தண்ணீருக்குள் வைத்துக் கண்ணைக் கீழே நாட்டினால், இடுப்பு தானாக மேலே வரும். முதல் முறை அதை உணரும் ஆட்கள் பின்னாலிருந்து யாரோ தூக்கிவிட்டதாக நினைத்துத் திரும்பிப் பார்ப்பதும் உண்டு.

இதை ஒரு முறையாக வகுத்துப் பெரியவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்கப் பயிற்சியாளர் டெர்ரி லாஃப்லின். 1989-ல் 'டோட்டல் இம்மெர்ஷன்' என்ற பெயரில் தொடங்கினார். 2017-ல் இறக்கும்வரை அதையே செய்தார். முதலில் சமநிலை, அடுத்து உடம்பை நீளமாக்கித் தடையைக் குறைப்பது, கடைசியில்தான் வலு என்பது அவர் வகுத்த வரிசை. பள்ளிப் பிள்ளைகளுக்குக் கிக்போர்டைக் கையில் கொடுத்துப் பத்து நாள் கால் மட்டும் அடிக்கவிடும் வழக்கமான முறைக்கு இது நேர் எதிர். பெரியவர்களுக்கு லாஃப்லின் வழிதான் பொருத்தம் என்பது என் கட்சி. ஓட்டப் பழக்கத்தால் கணுக்கால் இறுகிப்போன ஒருவரிடம் கிக்போர்டைக் கொடுத்துப் பாருங்கள்; எவ்வளவு அடித்தாலும் நின்ற இடத்திலேயே நிற்பார், சிலர் பின்னோக்கிக்கூட நகர்வார்கள். ஃப்ரீஸ்டைலில் நீண்ட தூரம் போகும்போது முன்னே இழுத்துச் செல்வதில் பெரும்பங்கு கைகளுடையது. கால், உடம்பைச் சமமாக வைத்திருந்தால் போதும்.

ஒன்று சொல்ல வேண்டும். லாஃப்லினின் சீடர்கள் சிலர் 'சறுக்கு, சறுக்கு' என்று சொல்லிச் சொல்லி, நீட்டிய கையோடு அப்படியே நின்றுவிடுகிறார்கள். ஒவ்வொரு வீச்சிலும் வேகம் செத்து, மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. முதல் சில மாதங்களுக்குச் சறுக்கல் நல்ல பாடம். அதன் பிறகு தாளம் வந்தாக வேண்டும்.

இரண்டாவது பாதி

25 மீட்டரில் மூச்சு வாங்குவதன் மீதிக் கதை மூச்சிலேயே இருக்கிறது. என்னைக் கேட்டால் முழுக் கதையும் அங்கேதான்.

தரையில் மூச்சு விடுவதை யாரும் கற்பதில்லை. முகம் தண்ணீரில் பட்டதும் உடம்பு செய்யும் முதல் வேலை மூச்சைப் பிடித்துக்கொள்வது. புதிதாகக் கற்பவர் மூன்று வீச்சு வரை பிடித்துவைத்திருப்பார். பிறகு தலையைத் திருப்பும் அந்த ஒரு வினாடிக்குள் பழைய காற்றை விட்டுப் புதுக் காற்றையும் இழுக்கப் பார்ப்பார். இரண்டுக்கும் நேரம் போதாது. பாதியை விட்டுப் பாதியை இழுப்பார். நான்கு முறை இப்படிச் செய்தால் மார்பு நிறையக் காற்று இருக்கும், அதுவும் பழைய காற்றாக இருக்கும். மூச்சு முட்டுகிறது என்ற உணர்வைப் பெரும்பாலும் உண்டாக்குவது பிராணவாயுக் குறைவு இல்லை. வெளியேறாமல் தேங்கிய கரியமில வாயு. மூளை அதை அபாயமாகப் படிக்கிறது. உடனே தலை மேலே ஏறுகிறது, கால் இறங்குகிறது, கை தண்ணீரை அறைகிறது. தைரியசாலியோ கோழையோ, எல்லோருக்கும் இந்த வரிசை மாறுவதில்லை.

அதனால்தான் நல்ல மாஸ்டர்கள் முதல் வாரம் கைவீச்சையே சொல்லித்தருவதில்லை. கம்பியைப் பிடித்து முங்கு, மூக்கு வழியாகக் குமிழி குமிழியாக மூச்சை விடு, எழுந்து வாயால் இழு, மறுபடி முங்கு. இருபது, முப்பது, ஐம்பது. பார்க்க அபத்தமாக இருக்கும். கம்பெனியில் நூறு பேரை மேய்க்கிற மேலாளர் ஒருவர் இடுப்பளவுத் தண்ணீரில் குமிழி விட்டுக்கொண்டிருப்பது அவருக்கே கூச்சமாகத்தான் இருக்கும். "இதுக்கா காசு கட்டினேன்?" என்று மூன்றாம் நாள் கேட்பார்கள். இந்தப் பயிற்சியைத் தாண்டிக் குதித்து நேராகக் கைவீச்சுக்குப் போனவர்கள்தான் ஆறு மாதம் கழித்தும் 25 மீட்டரிலேயே நிற்கிறார்கள்.

முகம் தண்ணீரில் இருக்கும் நேரம் முழுவதும் மூச்சு வெளியே போய்க்கொண்டே இருக்க வேண்டும். திரும்பும் அந்த வினாடியில் இழுப்பது மட்டுமே வேலையாக இருக்க வேண்டும். திரும்புவதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. தலையைத் தூக்கக் கூடாது. உடம்போடு சேர்ந்து அது உருள வேண்டும். முன்னே போகும் தலை தண்ணீரை ஒதுக்கும்போது கன்னத்துப் பக்கம் ஒரு சிறு பள்ளம் விழுகிறது. அங்கே நீர்மட்டம் சற்றுக் கீழே இருக்கும். காற்று அந்தப் பள்ளத்திலேயே கிடைக்கிறது. கண்ணாடியில் ஒரு கண் தண்ணீருக்குள்ளும் ஒரு கண் வெளியிலும் இருந்தால் திருப்பம் சரி. இரண்டு கண்ணும் வெளியே வந்து கூரையையோ வானத்தையோ பார்த்தால் கால் அந்நேரம் கீழே போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள்.

மூச்சு விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. அடியில் எவ்வளவு தூரம் போகலாம், எவ்வளவு நேரம் முங்கியிருக்கலாம் என்று பந்தயம் கட்டும் ஆட்கள் எல்லாக் குளத்திலும் இருக்கிறார்கள். முங்குவதற்கு முன்னால் வேகவேகமாக மூச்சை இழுத்து விடுவார்கள். அது கரியமில வாயுவைக் குறைத்து, மூளைக்கு வரவேண்டிய எச்சரிக்கையைத் தள்ளிப்போடும். எச்சரிக்கை வரும் முன்னே பிராணவாயு தீர்ந்து நினைவு தப்பும். நன்றாக நீந்துகிறவர்களே சத்தமில்லாமல் இப்படிப் போயிருக்கிறார்கள்.

எட்டு மாதத்தில் ஒலிம்பிக்ஸ்

பெரியவராகி நீச்சல் கற்றவர்களில் உலகமே பார்த்த ஆள், ஈக்வடோரியல் கினி நாட்டைச் சேர்ந்த எரிக் முசாம்பானி. 2000 செப்டம்பர் 19, சிட்னி ஒலிம்பிக்ஸ், 100 மீட்டர் ஃப்ரீஸ்டைல் தகுதிச் சுற்று. வளரும் நாடுகளுக்குத் தகுதி நேரமில்லாமல் தரப்பட்ட அனுமதியில் வந்தவர். அப்போது அவருக்கு வயது 22. நீச்சல் கற்கத் தொடங்கி எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. ஊரில் ஒரு ஓட்டலின் சின்னக் குளத்தில் பழகியவர், 50 மீட்டர் குளத்தைக் கண்ணால் பார்த்ததே சிட்னிக்கு வந்த பிறகுதான். அவருடைய சுற்றில் மொத்தம் மூன்று பேர். மற்ற இருவரும் தொடக்க ஒலிக்கு முன்பே குதித்துத் தகுதியிழந்துவிட, முசாம்பானி தனியாக நீந்தினார்.

அந்தக் காணொளியை வேடிக்கைக்காகப் பார்ப்பவர்களே அதிகம். நீச்சல் பழகுகிறவர்கள் அதைப் பாடமாகப் பார்க்கலாம். போகும் 50 மீட்டர் பரவாயில்லை. திரும்பும்போது தலை மெல்ல மெல்ல உயர்கிறது. இடுப்பு அமிழ்கிறது. கைகள் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. உடம்பு ஏறக்குறைய நின்ற இடத்தில் நிற்கிறது. கடைசிப் பத்து மீட்டரில் லேன் கயிற்றைப் பிடித்துவிடுவாரோ என்று அரங்கமே எழுந்து நிற்கிறது. 1 நிமிடம் 52.72 வினாடி. அதே நாளில் அதே தூரத்தை நெதர்லாந்தின் பீட்டர் ஃபான் டென் ஹூகன்பாண்ட் 47.84 வினாடியில் நீந்தி உலக சாதனை செய்தார். இரண்டு மடங்குக்கும் மேலான அந்த வித்தியாசத்தில் தசை வலுவின் பங்கும் உண்டு; ஆனால் கடைசி 30 மீட்டரில் முசாம்பானியைப் பிடித்து நிறுத்தியது அவருடைய உடம்பின் சாய்வு.

கதை அங்கே முடியவில்லை, அதைத்தான் யாரும் சொல்வதில்லை. முசாம்பானி விடவில்லை. தொடர்ந்து பயிற்சி எடுத்து, அதே 100 மீட்டரைப் பின்னாளில் 57 வினாடிக்குள் கொண்டுவந்தார். விசா குளறுபடியால் 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்ஸுக்குப் போக முடியவில்லை. பிறகு தன் நாட்டின் நீச்சல் அணிக்கே பயிற்சியாளரானார். 22 வயதில் முதல் பாடம் கற்ற ஒருவர் தன் நேரத்தைப் பாதியாக்கியிருக்கிறார்.

தள்ளிவிட்டால் கற்றுக்கொள்வானா?

'தூக்கித் தண்ணியில போடு, தன்னால கத்துக்குவான்' என்ற பழைய வைத்தியத்தை நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தன் வகுப்பில் கம்பியைப் பிடித்து நிற்பவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பார்க்கும் மாஸ்டருக்குத் தெரியும், அவர்களில் பலர் சிறுவயதில் அப்படி ஒரு மாமாவாலோ சித்தப்பாவாலோ தள்ளிவிடப்பட்டவர்கள். முப்பது ஆண்டுகளாகத் தண்ணீர்ப் பக்கமே போகாமல் இருந்ததற்கு அந்த ஒரு நாள் காரணம். இவர்களிடம் "பயப்படாதீங்க" என்று சொல்வது வீண். மிதக்கத் தெரிந்தால் பயம் தானே குறையும். மல்லாந்து படுத்து, காது தண்ணீருக்குள் போக, மார்பு நிறைய மூச்சு இழுத்து, அசையாமல் கிடக்க வேண்டும். மாஸ்டரின் கை முதுகுக்கு அடியிலிருந்து எப்போது விலகியது என்று தெரியாமல் கிடப்பவருக்கு அன்றைக்கே பாதி நீச்சல் வந்தாயிற்று. அடுத்து முக்கியமான பாடம், படுத்த நிலையிலிருந்து எழுந்து நிற்பது. முழங்காலை மார்புக்கு இழுத்து, கையால் தண்ணீரைக் கீழே அழுத்தி, தலையை நிமிர்த்தினால் கால் தரையைத் தொடும். நிற்கத் தெரிந்தவருக்குத்தான் படுக்கத் துணிவு வரும். குழந்தைகள் இதைத் தானாகவே செய்துவிடுவார்கள். பெரியவர்களுக்குச் சொல்லித்தர வேண்டும். பல வகுப்புகளில் இது விட்டுப்போகிறது.

பெண்களுக்கு இன்னொரு தடையும் சேர்கிறது. லாயிட்ஸ் ரெஜிஸ்டர் அறக்கட்டளைக்காக காலப் நிறுவனம் 2019-ல் உலக அளவில் எடுத்த கணக்கெடுப்பில், 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் பாதிக்கும் அதிகமானோருக்குத் துணையின்றி நீந்தத் தெரியாது என்று தெரியவந்தது. பெண்களில் மூன்றில் இரண்டு பேருக்குத் தெரியாது. நம் ஊரில் இதற்கான காரணத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை. கிணற்றில் அண்ணன் குதித்தபோது தங்கை மேலே நின்று துணிக்குக் காவல் இருந்தாள். இன்று குளத்துக்கு வரும்போது உடை, நேரம் என்று இரண்டு கேள்விகள் அவளுக்காகக் காத்திருக்கின்றன. உடைக்கு விடை கிடைத்துவிட்டது. கழுத்து முதல் கணுக்கால் வரை மூடும் லைக்ரா உடைகள் கடைகளில் தாராளமாகக் கிடைக்கின்றன. பருத்திச் சுடிதாரைக் குளங்கள் அனுமதிக்காததற்கும் காரணம் உண்டு: அது தண்ணீரைக் குடித்து எடை ஏறி நீந்துகிறவரைக் கீழே இழுக்கும், நூல் பிரிந்து வடிகட்டியை அடைக்கும். நேரத்துக்குத்தான் விடை இல்லை. பல குளங்களில் 'லேடீஸ் பேட்ச்' காலை பத்து மணிக்கோ மாலை நான்கு மணிக்கோ வைக்கப்படுகிறது. வேலைக்குப் போகும் பெண் எந்த மேலாளரிடம் அனுமதி கேட்டு அந்த நேரத்துக்கு வருவாள்?

ஒரு சுற்றிலிருந்து ஒரு கிலோமீட்டருக்கு

25 மீட்டரைப் பதறாமல் கடந்த பிறகுதான் பயிற்சி என்று சொல்லத்தக்கது தொடங்குகிறது. இங்கே பெரியவர்கள் விழும் குழி, நிறுத்தாமல் நீந்திக்கொண்டே இருப்பது. நடைப்பயிற்சிப் பழக்கத்தில் 'அரை மணி நேரம் விடாமல்' என்று கணக்கு வைப்பார்கள். பத்தாவது நிமிடத்தில் உடம்பு தளரும், கைவீச்சு கெடும், மீதி இருபது நிமிடமும் கெட்ட வீச்சைத்தான் பழகிக்கொண்டிருப்பார்கள். உடம்பு எதைத் திரும்பத் திரும்பச் செய்கிறதோ அதைத்தான் வைத்துக்கொள்ளும். அதனால்தான் போட்டி நீச்சல்காரர்கள் தூரத்தைத் துண்டு போடுகிறார்கள்.

ஆயிரம் மீட்டர் போக ஆசைப்படுகிறவர் இப்படிப் பிரிக்கலாம்: நிதானமாக 200, கைவீச்சையும் மூச்சையும் திருத்தும் பயிற்சிகளாக ஆறு முறை 50, சற்று அழுத்தமாக எட்டு முறை 50, ஒவ்வொன்றுக்கும் நடுவே இருபது வினாடி ஓய்வு, கடைசியில் ஆற அமர 100. வாரத்துக்கு மூன்று நாள் முக்கால் மணி நேரம், ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில் இரண்டரை மணி நேரத்தைவிட மேல். தண்ணீரின் பிடி கைக்குப் பழக இடைவெளி அதிகம் விடக் கூடாது.

வீச்சை எண்ணுவது செலவில்லாத பயிற்சியாளர். 25 மீட்டருக்கு உங்களுக்கு முப்பது வீச்சு ஆகிறது என்றால், அதே நேரத்தில் இருபத்தாறுக்குக் கொண்டுவர முடிகிறதா என்று பார்ப்பது தசையை வளர்ப்பதைவிட லாபம். முழங்கையை உயர்த்தி வைத்து, உள்ளங்கையோடு முன்கையையும் சேர்த்துத் தண்ணீரைப் பின்னே தள்ள வேண்டும். கையை நேராக நீட்டித் தண்ணீரைக் கீழே அழுத்துகிறவருக்கு மார்பு மட்டும்தான் ஏறும், ஆள் நகர மாட்டார்.

கணக்குப் பிரியர்களுக்கு ஒரு சோதனை உண்டு. முழு முயற்சியோடு 400 மீட்டர் நீந்தி நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். நன்றாக ஓய்வெடுத்து 200 மீட்டர் நீந்துங்கள். முதல் நேரத்திலிருந்து இரண்டாவதைக் கழித்து, பாதியாக்குங்கள். 400-க்கு 10 நிமிடம் 40 வினாடி, 200-க்கு 5 நிமிடம் என்றால் விடை 2 நிமிடம் 50 வினாடி. நீண்ட தூரத்தில் ஒவ்வொரு நூறு மீட்டருக்கும் உங்கள் உடம்பு தாங்கும் வேகம் ஏறக்குறைய அது. பயிற்சியை அதைச் சுற்றி அமைத்துக்கொண்டால், ஒன்றரை மாதத்துக்கு ஒரு முறை சோதித்து முன்னேற்றத்தைப் பார்க்கலாம்.

தோளைப் பற்றிச் சொல்லாமல் விடக் கூடாது. நாற்பதுக்கு மேல், அதிலும் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குத் தோள்பட்டை இறுக்கம் சகஜம். ஒரு கிலோமீட்டருக்குக் கை ஆயிரம் முறைக்கு மேல் தோளைச் சுற்றி வருகிறது. உடம்பை உருட்டாமல் தட்டையாகக் கிடந்து கையை மட்டும் சுற்றுகிறவருக்குத் தோள் முதலில் முணுமுணுக்கும், பிறகு மறுக்கும். வலித்தால் வாரம் முழுக்க மல்லாந்த நீச்சலுக்கு மாறுவதோ ஓய்வெடுப்பதோ கௌரவக் குறைவு ஆகாது. இதய நோய், வலிப்பு, காதுச் சவ்வில் ஓட்டை இருப்பவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுத்தான் இறங்க வேண்டும்.

இன்னொன்று, குளத்தை நெருங்கும்போதே மூக்கைத் துளைக்கும் 'குளோரின் வாசனை'. தண்ணீர் சுத்தமாக இருப்பதன் அடையாளம் அது என்று நினைக்கிறோம். குளோரின், நம் வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்து உண்டாகும் குளோரமைன்களின் வாடை அது. கண்ணை எரிப்பதும் பெரும்பாலும் அதுதான். இறங்கும் முன் ஷவரில் குளிக்கச் சொல்லும் பலகை எல்லாக் குளத்திலும் தொங்குகிறது. அதைப் படிக்கிறவர்களைத்தான் காணோம்.

குளம் வேறு, கடல் வேறு

ஒரு கிலோமீட்டர் போக முடிந்ததும் சிலருக்குக் கடல் கண்ணில் ஆடத் தொடங்கும். குளத்தில் கீழே கறுப்புக் கோடு இருக்கிறது, ஐம்பது மீட்டருக்கு ஒரு சுவர் இருக்கிறது, மேலே உயிர்காப்பாளர் இருக்கிறார். மெரினாவில் அந்தக் கோடும் சுவரும் கிடையாது. ஆண்டுதோறும் அங்கே உயிரை விடுகிறவர்களில் நீந்தத் தெரிந்தவர்களும் உண்டு. கரையிலிருந்து உள்ளே இழுக்கும் நீரோட்டத்தில் சிக்கினால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தக் கூடாது. கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து, இழுப்பு விட்ட பிறகே கரைக்குத் திரும்ப வேண்டும். மணல் அள்ளிய குழிகளால் நிறைந்த காவிரி, கொள்ளிடம் போன்ற ஆறுகளில் இந்த யோசனைகூட உதவாது. தெரியாத ஆற்றில் இறங்காமல் இருப்பதே அங்கே நீச்சல் அறிவு.

அதற்காகக் கடல் பெரியவர்களுக்கு மூடிய கதவு என்றும் இல்லை. ஆங்கிலக் கால்வாயை 1958-ல் நீந்திக் கடந்த முதல் இந்தியரான மிஹிர் சென், சட்டம் படிக்க லண்டன் போன இடத்தில் ஒய்.எம்.சி.ஏ. குளத்தில் ஃப்ரீஸ்டைல் பழகியவர். பல முறை தோற்றுத்தான் கடந்தார். எட்டு ஆண்டு கழித்து, 1966 ஏப்ரலில், தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்குப் பாக் நீரிணையை நீந்தினார்.  ஐந்தாண்டு கழித்து, 1971-ல், வல்வெட்டித்துறையின் ஆழிக்குமரன் ஆனந்தன் அதைப் போகவும் வரவும் சேர்த்து நீந்தினார். அவரும் மிஹிர் சென் போலவே ஒரு வழக்கறிஞர். 1984-ல் ஆங்கிலக் கால்வாய் அவர் உயிரை வாங்கியது. கடலைப் பற்றி நினைக்கும்போது இந்த இரண்டு பெயர்களையும் சேர்த்தே நினைப்பது நல்லது.

கடல் வேண்டாம், போட்டி போதும் என்பவர்களுக்கு மாஸ்டர்ஸ் நீச்சல் இருக்கிறது. அமெரிக்கக் கடற்படை மருத்துவர் ரான்சம் ஆர்தர் முன்நின்று 1970-ல் டெக்ஸஸ் மாநிலத்தின் அமரில்லோ நகரில் நடத்திய போட்டியிலிருந்து வளர்ந்த வழக்கம் அது. 25 வயதில் தொடங்கி ஐந்து ஐந்து வயதாகப் பிரித்து மோதவிடுவார்கள். உலகப் போட்டி 1986-ல் டோக்கியோவில் தொடங்கியது. இந்தப் பிரிவில் எனக்குப் பிடித்த பெயர் ஜப்பானின் மியெகோ நாகாவோகா. முழங்கால் தொந்தரவுக்கு மருந்தாக, எண்பதை எட்டிய பிறகே குளத்துக்கு வந்தவர். 2015-ல், தன் நூறாவது வயதில், 1,500 மீட்டரை 1 மணி 15 நிமிடம் 54.39 வினாடியில் முடித்தார். அந்தத் தூரத்தை நூறு வயதில் நீந்திய முதல் ஆள். நூறு மீட்டருக்கு ஐந்து நிமிடம் என்று வருகிறது. நம் காலை வகுப்பின் ஆக மெதுவான லேன்கூட அதைவிட வேகம், ஆனால் அறுபது லென்த் போய்த் திரும்ப அந்த லேனில் எத்தனை பேரால் முடியும்?

நம்மிடம் குளம் இல்லாமல் இல்லை. 1995 தெற்காசியப் போட்டிகளுக்காகக் கட்டிய வேளச்சேரி வளாகம் இருக்கிறது. மெரினாவில் மாநகராட்சிக் குளம், திருச்சி அண்ணா விளையாட்டரங்கக் குளம், மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானக் குளம் எல்லாம் இருக்கின்றன. ஏப்ரல், மே மாதங்களில் இவற்றுக்குள் பிள்ளைகள் கூட்டத்தில் கை நீட்ட இடமிருக்காது. பத்துப் பதினைந்து நாள் கோடை முகாமில் பெரியவர்களும் சேர்ந்து, ஒன்றும் வராமல், 'நமக்கு இது சரிப்படாது' என்று முடிவுகட்டிக்கொண்டு போய்விடுகிறார்கள். ஜூனில் பள்ளிகள் திறந்ததும் வந்து பாருங்கள். லேனுக்கு இரண்டு பேர் இருந்தால் அதிகம். உங்கள் முழங்கை எந்த உயரத்தில் இருக்கிறது என்று பார்க்க மாஸ்டருக்கும் அப்போதுதான் நேரம் இருக்கும்.